திங்கட்கிழமை ராஜினாமா எழுதாதீர்கள்: சோர்ந்துபோன திருச்சபை ஊழியர்களுக்குச் சில வழிகள்

முதலில் ஒரு சட்டம். திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதம் எழுதக்கூடாது. அசன விழா (கோயிலில் ஊருக்கே போடும் விருந்து) முடிந்த மறுநாள் எழுதக்கூடாது. ஈஸ்டர் முடிந்த வாரம் எழுதக்கூடாது. திருமண்டலத் (ஒரு ஆயரின் கீழுள்ள சபைகளின்) தேர்தல் முடிவு வந்த இரவு கண்டிப்பாக எழுதக்கூடாது. அந்த எண்ணம் வந்தால் தேதியை மட்டும் டைரியில் குறித்து வையுங்கள். ஒரு மாதம் போகட்டும். நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில், வயிறும் நிறைந்திருக்கும்போது, அதே எண்ணம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைப் பற்றிப் பேசலாம். கடைசியில் அதற்கும் வருகிறேன்.

நான் தென்னிந்தியத் திருச்சபையில் முப்பது வருடத்துக்கும் மேல் குருவானவராக இருந்து ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமச் சேகரங்கள்தான் (சேகரம் என்றால் ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகள்). இப்போது பாளையங்கோட்டையில் குடியிருக்கிறேன். இளைய ஐயர்மார் (குருமாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்), சபை ஊழியர்கள், சேகரச் செயலர், பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி என்று யாராவது வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "முடியல ஐயா" என்று சொல்லிவிட்டு அப்படியே பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவர்களிடம் நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். குருப்பட்டம் பெற்றவர்களை மனதில் வைத்து எழுதினாலும், ஒரு ஜெபக் குழுவையோ ஓய்வுநாள் பாடசாலையையோ வருடக்கணக்காக இழுத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

முதல் சட்டத்துக்குக் காரணம் வேதத்தில் வருகிற தீர்க்கதரிசி எலியா. கர்மேல் மலையில் அவர் ஜெபத்துக்கு அக்கினி இறங்கியது, மழை வந்தது, ஆகாப் ராஜாவின் ரதத்துக்கு முன்னால் யெஸ்ரயேல் மட்டும் ஓடினார். அதற்குப் பிறகு ராஜாவின் மனைவி யேசபேலிடமிருந்து, உன்னைக் கொல்லுவேன் என்று ஒரே ஒரு செய்தி. அவ்வளவுதான், மனுஷன் பெயெர்செபாவுக்கு ஓடி, அங்கிருந்து வனாந்தரத்தில் ஒரு நாள் பயணம் நடந்து, சூரைச்செடியின் கீழே சாவைக் கேட்டு, "போதும் கர்த்தாவே" என்றார். தோற்ற மனிதனுக்கு வந்த சோர்வில்லை இது. ஜெயித்த மறுநாள் வந்த சோர்வு. நம் ஊரில் அசனத்துக்கு ஊரே சாப்பிட்டுப் போன பிறகு, கழுவாத அண்டாக்களுக்கு நடுவில் ஐயருக்கு வருவதும் இதேதான். அந்த நேரத்தில் எடுக்கிற முடிவுக்கு "தேவ நடத்துதல்" என்று பெயர் வைக்காதீர்கள்.

முதலில் உடம்பு

எலியாவிடம் கர்த்தர் கேட்ட முதல் கேள்வி எந்த இடத்தில் வருகிறது என்று 1 இராஜாக்கள் 19-ஐ எடுத்துப் பாருங்கள். ஒன்பதாம் வசனத்தில், ஓரேப் மலைக் குகையில்தான் வருகிறது. அதற்கு முன்னால் நடந்தது இவ்வளவுதான்: தூங்கினார், தேவதூதன் தட்டி எழுப்பினார், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன, சாப்பிட்டார், மறுபடி தூங்கினார், மறுபடி சாப்பிட்டார். உபதேசம் இல்லை, கண்டனம் இல்லை, "உன் விசுவாசம் எங்கே" என்ற விசாரணையும் இல்லை. போக வேண்டிய தூரம் வெகுதூரம், அதனால் சாப்பிடு என்றதோடு தூதன் நிறுத்திக்கொண்டார்.

எனவே யாராவது என்னிடம் "ஜெபிக்க முடியல ஐயா" என்றால், கடைசியாக எப்போது ஏழு மணி நேரம் தூங்கினீர்கள் என்று கேட்பேன். அடுத்து, கடைசியாக உடம்புப் பரிசோதனை எப்போது செய்தீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, ஹீமோகுளோபின். இந்த நான்கில் ஒன்று சரியில்லாமல் இருந்தாலும் மனுஷனுக்கு எதிலும் பிடிப்பு இல்லாமல் போகலாம். ஊழியர்களுக்குச் சர்க்கரை வருவதில் ஆச்சரியமும் இல்லை. வீடு சந்திப்புக்குப் போனால் வீட்டுக்கு வீடு காபி, மிக்சர், பிஸ்கட். வேண்டாம் என்றால் மனம் வருத்தப்படுவார்கள். "மோர் இருந்தால் கொடுங்கம்மா" என்று நீங்களே முந்திக்கொண்டு கேளுங்கள். மோர் கேட்ட ஐயரை யாரும் தப்பாக நினைத்ததில்லை.

இன்னொன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் விருப்பமில்லாமல், காலையில் கட்டிலை விட்டு எழுவதே பாரமாக இருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் போங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. எந்த நேரமும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். எலியா சாவைக் கேட்டதுபோல உங்களுக்கும் தோன்றினால் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு அந்த எண்ணைக் கூப்பிடுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற ஐயர், மனதுக்கு மாத்திரை போட்டால் விசுவாசம் குறைந்துவிடும் என்று நினைப்பது எனக்கு என்றைக்கும் புரிந்ததில்லை.

வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும். ஞாயிறு நமக்கு வேலை நாள், ஆகவே திங்கள். என் வீட்டம்மா திங்கட்கிழமை காலையில் என் போனை வாங்கி அரிசி டிரம்முக்குள் வைத்துவிடுவாள். சாவு, விபத்து என்றால் கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை ஆள் அனுப்புவார், மற்றதெல்லாம் செவ்வாய்க்கிழமை. இந்த ஏற்பாடு பலமுறை உடைந்தது, மறுப்பதற்கில்லை. மாற்கு 6-இலும் அப்படித்தான்: தனித்துச் சற்றே இளைப்பாறுங்கள் என்று சீஷர்களைப் படகில் அழைத்துக்கொண்டு போனார் ஆண்டவர், ஜனங்கள் கால்நடையாகவே முந்திப்போய் அங்கே நின்றார்கள். மனதுருகி அவர்களுக்கு உபதேசித்தார், அப்பமும் கொடுத்தார். பிறகு சீஷர்களைப் படகேற்றி அனுப்பினார், ஜனங்களையும் அனுப்பினார், தாம் மலைக்குப் போனார். திங்கள் போனால் புதனில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜெபம் வராதபோது

சொந்த வார்த்தை வராவிட்டால் கடன் வாங்குங்கள். நம் ஆராதனை முறைமையில் காலை ஜெபமும் மாலை ஜெபமும் இருப்பது இதற்குத்தான் என்று வயதான பிறகுதான் எனக்கு அதன் அருமை தெரிகிறது. உருகி, கண்ணீர் விட்டுச் செய்தால்தான் ஜெபம் என்ற எண்ணம் இப்போது ஊழியர்களிடையே பரவிவிட்டது. வறண்ட தொண்டையோடு பாமாலைப் புத்தகத்தைத் திறந்து ஒரு பாட்டை வாசித்து மூடினாலும் அது ஜெபம்தான்.

சங்கீதம் 13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்டுவிட்டுத்தான் அந்த மனுஷன் துதிக்கு வருகிறான். 88 அதைவிடக் கடுமை. அதில் துதிக்கு வருவதே இல்லை, இருளிலேயே முடிகிறது. இருந்தும் அதை வேதத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். முதல் வசனத்தில் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று ஒரு முறை கூப்பிட்டதோடு சரி, பிறகு முழுக்க முறையீடு. உங்கள் நாள் அப்படி இருந்தால் 88-ஐ வாசித்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். வேறொரு சங்கீதத்தைத் தேடி அலைய வேண்டாம்.

எலியாவும் ஓரேபிலே முறையிட்டார். காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எல்லாம் போய், மெல்லிய சத்தம் உண்டான பிறகு, இங்கே உனக்கு என்ன காரியம் என்று மறுபடி கேட்டபோது, முன்பு சொன்ன அதே பதிலை வார்த்தை மாறாமல் சொன்னார். தேவ சத்தத்தைக் கேட்ட பிறகும் அவர் மனநிலை மாறவில்லை! கர்த்தர் அதற்காகக் கோபித்ததாக ஒரு வரியும் இல்லை. கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போய்வந்தும் பாரம் குறையவில்லையே என்று வருத்தப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஜெபிக்கவே முடியாத நாட்களில் இன்னொருவரை ஜெபிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கிராமத்திலும் விடியற்காலையில் எழுந்து ஜெபிக்கிற ஒரு பாட்டி இருப்பார். காரணமெல்லாம் விளக்க வேண்டாம். "இந்த வாரம் எனக்காகவும் சேர்த்துச் செய்யுங்க பாட்டி" என்றால் போதும். அவர் ஊரில் சொல்லமாட்டார்.

நாற்பது பக்க நோட்டு

இப்போது முக்கியமான வேலை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஒரு வாரம் முழுக்க நீங்கள் செய்கிற எல்லாவற்றையும் அன்றன்றே எழுதுங்கள். ஞாபகத்திலிருந்து எழுதினால் பிரசங்கமும் ஜெபமும்தான் வரும். அன்றன்றே எழுதினால் உண்மை வரும்: மைக் செட் பாக்கி, ஜெனரேட்டருக்கு டீசல், கல்லறைத் தோட்டச் சுவர் தகராறு, பள்ளிக்கூட மேல்தளம் ஒழுகுவது, பாஸ்போர்ட்டுக்காக ஞானஸ்நானச் சான்றிதழ், கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பதில் பெயர் விட்டுப்போனது, வாட்ஸ்அப் குழுவில் இரண்டு பேருக்குள் சண்டை.

வார முடிவில் இந்த நான்கில் சேர்ந்தவற்றுக்கு எதிரே மட்டும் ஒரு குறி போடுங்கள்: வசனம், திருவிருந்து, நோயாளி, துக்க வீடு. இதற்காகத்தான் கைவைத்து அபிஷேகம் பண்ணினார்கள், இவற்றை விடக்கூடாது. குறிப்பாகத் துக்க வீட்டை யாரிடமும் தள்ளிவிடாதீர்கள். எவ்வளவு களைப்பிலும், துக்க வீட்டுக்குப் போய்வந்த இரவு நாம் எதற்காக இருக்கிறோம் என்பது தெளிவாக இருக்கும். மற்றவை எல்லாம் காலப்போக்கில் நம்மேல் வந்து சேர்ந்தவை. அவற்றில் பாதியை இன்னொருவர் செய்யலாம். சிலவற்றை யாருமே செய்யாமல் விடலாம், வாட்ஸ்அப் சண்டை அந்த வகை.

இங்கேதான் எலியாவின் கதையில் நாம் வேகமாகத் தாண்டிவிடுகிற ஒரு பகுதி வருகிறது. குகையிலிருந்து திரும்பிப் போகச் சொல்லும்போது கர்த்தர் மூன்று வேலை கொடுத்தார். ஆசகேலைச் சீரியாவுக்கு ராஜாவாகவும், யெகூவை இஸ்ரவேலுக்கு ராஜாவாகவும், எலிசாவை உன் இடத்தில் தீர்க்கதரிசியாகவும் அபிஷேகம்பண்ணு என்றார். இந்த மூன்றில் எலியா தாமே செய்ததாக நாம் வாசிப்பது ஒன்றைத்தான். ஏர் உழுதுகொண்டிருந்த எலிசாவின்மேல் தம் சால்வையைப் போட்டார். ஆசகேல் காரியம் எலியா பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பிறகு எலிசா மூலமாக நடக்கிறது. யெகூவை அபிஷேகம்பண்ணியதோ எலிசாகூட இல்லை, எலிசா தைலக் குப்பியைக் கொடுத்து அனுப்பிய ஒரு வாலிபன். தேவன் கொடுத்த வேலைப் பட்டியலே மூன்று தலைமுறைக் கைகளில் நிறைவேறியிருக்கும்போது, சேகர கமிட்டி கொடுத்த பட்டியலை நாம் இந்த நிதியாண்டுக்குள் தனியாக முடிக்கத் துடிக்கிறோம்.

விடாமுயற்சி என்றால் கடைசிவரை எல்லாவற்றையும் தானே சுமப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிரிவுபசாரக் கூட்டங்களில் "ஐயா மெழுகுவர்த்திபோல் உருகினார்" என்று பேசுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. உருகி முடித்தால் அப்புறம் இருட்டுதானே. தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த மிஷனரி சீகன்பால்க் ஐயரையும் இப்படித்தான் பேசுவார்கள். அவர் சிறைக்குப் போனார், தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார், 1719-இல் 36 வயதில் இறந்துபோனார். எல்லாம் உண்மை. ஆனால் பழைய ஏற்பாட்டில் அவர் ரூத் புத்தகம் வரைதான் மொழிபெயர்த்திருந்தார் என்பதை யாரும் பிரசங்கத்தில் சொல்வதில்லை. மீதியை முடித்தவர் பின்னால் வந்த பெஞ்சமின் சூல்ட்சே. அதற்கும் பிறகு பப்ரிஷியஸ் ஐயர் வந்து முழுவதையும் மறுபடி செப்பனிட்டார். ரூத்துக்கு அடுத்த சாமுவேலின் புத்தகத்தை முடிக்கவில்லையே என்று சீகன்பால்க்கை யாரும் குறை சொல்லவில்லை.

கொடுத்தபின் பிடுங்காதீர்கள்

வேலையை ஒப்படைப்பது பேச்சில் சுலபம். மோசேயின் மாமனார் எத்திரோ ஒரு நாள் பார்த்தார், காலை முதல் சாயங்காலம் வரை மருமகன் உட்கார்ந்து நியாயம் தீர்க்கிறான், ஜனம் வரிசையில் நிற்கிறது. நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றார். ஆயிரத்துக்கு ஒருவர், நூறுக்கு ஒருவர், ஐம்பதுக்கு, பத்துக்கு ஒருவர் என்று ஏற்பாடு செய்யச் சொன்னார். எத்திரோ வந்தபோது மோசேயின் மனைவி சிப்போராளையும் இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு வந்தார் என்பதையும் பாருங்கள். மோசே அவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தார். நியாயத்தீர்ப்புக்கு நேரம் இருந்தது, பிள்ளைகளுக்கு இல்லை போலிருக்கிறது. குருமனையில் வளர்ந்த பிள்ளைகளைக் கேட்டால் மேலும் சொல்வார்கள்.

செயல்முறையில் ஒரு யோசனை. "யாராவது பாருங்கப்பா" என்று கூட்டத்தில் பொதுவாகச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள். ஒரு ஆளைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரே ஒரு வேலையை, முடிவு தேதியோடு கொடுங்கள். "வரும் டிசம்பர் வரை ஜெனரேட்டர், மைக் கணக்கு இரண்டும் உங்களுடையது. பில் கொண்டுவாங்க, நான் கையெழுத்து மட்டும் போடுவேன்." பணம் சம்பந்தப்பட்ட வேலையை இரண்டு பேருக்கு, அதுவும் இரண்டு குடும்பத்தைச் சேர்ந்தவர்களுக்குக் கொடுங்கள். ஏன் என்று கிராமத்தில் ஊழியம் செய்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். அவர்கள் நம்மைப் போலச் செய்யமாட்டார்கள். எண்ணாகமம் 11-இல் மோசே, இந்த ஜனத்தை நான் ஒருவனாய்த் தாங்க முடியாது, என்னைக் கொன்றுபோடும் என்கிற அளவுக்குப் போனபோது, எழுபது மூப்பர்மேல் ஆவி வைக்கப்பட்டது. எல்தாத், மேதாத் என்று இரண்டு பேர் கூடாரத்துக்கு வராமல் பாளயத்திலேயே தீர்க்கதரிசனம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். மோசேயின் பணிவிடைக்காரன் யோசுவாவுக்குப் பொறுக்கவில்லை, தடைபண்ணும் என்றார். எனக்காக நீ வைராக்கியம் காட்டுகிறாயோ என்று மோசே அவரை அடக்கினார். நம்மைச் சுற்றியும் யோசுவாக்கள் உண்டு. "ஐயா, நீங்க இருந்தப்போ இப்படியா நடந்துச்சு" என்று காதில் ஓதுவார்கள். கேட்க இனிமையாக இருக்கும். அந்த இனிமைக்கு மயங்கி வேலையைத் திரும்ப வாங்கினால், அடுத்த முறை கொடுக்க ஆள் கிடைக்காது. கீர்த்தனையை வாலிபர்கள் வேகமாகப் பாடுகிறார்களா? பாடட்டும்.

பெயெர்செபாவில் விட்ட ஆள்

"நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்று எலியா சொன்னபோது அது நிஜமில்லை. நூறு தீர்க்கதரிசிகளைக் கெபிகளில் ஒளித்துவைத்துச் சோறு போடுகிறேன் என்று ஆகாபின் அரமனை அதிகாரி ஒபதியா அவரிடமே முந்தின அதிகாரத்தில் சொல்லியிருந்தார். களைப்பில் அது ஞாபகத்துக்கு வரவில்லை. கூட இருந்த வேலைக்காரனையும் பெயெர்செபாவிலேயே விட்டுவிட்டுத்தான் வனாந்தரத்துக்குள் போனார். சோர்ந்த தலைவன் முதலில் செய்வது இதுதான். கூட இருக்கிற ஆளைக் கழற்றிவிடுவான்.

ஆகவே நல்ல நாளிலேயே ஒரு ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சேகரத்துக்குள் இருக்கக்கூடாது, உங்களுக்கு மாற்றல் போடுகிற அதிகாரமும் அவரிடம் இருக்கக்கூடாது. பக்கத்துச் சபைப் பிரிவைச் சேர்ந்தவராக இருந்தாலும் பரவாயில்லை. எனக்கு அப்படி ஒருவர், ரோமன் கத்தோலிக்கச் சாமியார், இருந்தார். மாதம் ஒருமுறை டீக்கடையில் உட்காருவோம். உபதேச வித்தியாசம் பற்றிப் பேசியதே இல்லை. அவருக்கும் திருவிழா, கமிட்டி, கட்டிட நிதி என்று என் தலைவலிகளேதான்.

படுக்கையிலிருந்தும்

சில சோர்வு ஓய்வால் தீராது. உடம்பே இனி முன்போல ஓடாது என்று ஆகிவிடும். களக்காடு பக்கத்து டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931-இல் ஒரு குழியில் விழுந்தார்கள். அதன்பின் 1951-இல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருடம், பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே இருந்தார்கள். ஊழியத்தின் அன்றாடப் பொறுப்பு மற்றவர்கள் கைக்குப் போனது. அம்மா எழுதினார்கள், வந்தவர்களைப் பார்த்தார்கள், ஜெபித்தார்கள். முழங்கால் தேய்ந்து மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாமல் போன ஒரு ஊழியர், இனி நான் எதற்கு என்று என்னிடம் கேட்டபோது, டோனாவூருக்கு ஒரு நடை போய்வரச் சொன்னேன். போய்வந்து, நோயாளிகளுக்குத் தினமும் போன் செய்து ஒரு சங்கீதம் வாசிக்க ஆரம்பித்தார். இப்போது அவர் போன் வராவிட்டால் கோபித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

உண்மையிலேயே போக வேண்டுமென்றால்

ஒரு மாதம் கழிந்து, தூங்கி, சாப்பிட்டு, மருத்துவரைப் பார்த்து, பாதி வேலையை ஒப்படைத்த பிறகும் போக வேண்டும் என்றே தோன்றினால், போகலாம். அதை ஓட்டம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒழுங்காகப் போங்கள். முதலில் வீட்டில் பேசுங்கள், பிறகு அந்த வெளி நண்பரிடம், பிறகு ஆயரிடம் நேரில். கமிட்டியில் அறிவிப்பது கடைசி. பிரசங்க பீடத்திலிருந்து மறைமுகமாகக் குத்திப் பேசிவிட்டுப் போவதை மட்டும் செய்யாதீர்கள்.

அப்புறம் அந்த நாற்பது பக்க நோட்டில் மீதியுள்ள பக்கங்களில் அடுத்து வருகிறவருக்கு எழுதி வையுங்கள். படுக்கையில் இருக்கிறவர்கள் யார், எந்த வீட்டில் சமீபத்தில் பிள்ளை இறந்தது, யார் திருவிருந்துக்கு வர முடியாமல் வீட்டில் காத்திருக்கிறார்கள், எந்த விதவைக்கு மாத்திரை வாங்க ஆள் இல்லை, எந்தப் பையனுக்குக் கல்லூரிக் கட்டணம் பாதி நிற்கிறது. ஜெபிக்கிற பாட்டியின் வீட்டுக்கு வழி எழுதுங்கள். ஊரில் யார் எந்தக் கட்சி என்று மட்டும் எழுத வேண்டாம். புது ஐயர் சாமான் இறக்குவதற்குள் நான்கு பேர் வந்து அதைச் சொல்லிவிடுவார்கள்.